17 வயது, 15 நாள்: ஃப்ளோரியான் விர்ட்ஸின் தொடக்க ஆண்டுகள்

2020 மே 18, திங்கட்கிழமை இரவு. பிரேமன் நகரின் வேசர் ஸ்டேடியத்தில் இருக்கைகள் எல்லாம் காலி. கொரோனாவால் இரண்டு மாதம் நின்றுபோயிருந்த, ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகா இரண்டு நாள் முன்புதான் மறுபடி தொடங்கியிருந்தது. வெர்டர் பிரேமனை எதிர்த்து லெவர்குசென் கழகம் இறக்கிய பதினொரு பேரில் ஒரு பெயரை ஜெர்மனியிலேயே பலர் அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தார்கள்: ஃப்ளோரியான் விர்ட்ஸ். பிறந்து 17 ஆண்டும் 15 நாளும் ஆகியிருந்தன. லெவர்குசென் சட்டையில் புண்டஸ்லிகா ஆடிய மிக இளையவர் என்ற இடம் அதுவரை கை ஹாவர்ட்ஸுடையது. அந்த ஹாவர்ட்ஸும் அன்று அதே அணியில் ஆடி இரண்டு கோல் போட்டார். லெவர்குசென் 4-1 என்று வென்றது.

விர்ட்ஸைப் பற்றிய பேச்சு எப்போதும் இந்த வயதுக் கணக்கில்தான் தொடங்கும். ஆனால் வயதுச் சாதனை ஒரு வீரரைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அன்றைய நிலவரப்படி அவரைவிடச் சிறிய வயதில் புண்டஸ்லிகாவில் கால்வைத்தவர்கள் இருவர்தான்: டார்ட்முண்டின் நூரி ஷாஹின், கொலோனின் யான் பிசெக். பிசெக் 2017 நவம்பரில் ஆடியபோது அவருக்கு 17 வயதுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு அவர் இரவல் வீரராக ஜெர்மனி, நெதர்லாந்து, போர்ச்சுகல், டென்மார்க் என்று ஊர் ஊராகச் சுற்றி, 2023இல் இன்டர் மிலானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிலைபெற்றார். 16 வயதில் கிடைத்த அந்த முதல் ஆட்டத்துக்கும் 22 வயதில் அவர் எட்டிய இடத்துக்கும் நேரான பாதை எதுவும் இல்லை. ஆகவே விர்ட்ஸின் கதையில் கவனிக்க வேண்டியது சாதனைத் தேதிகளை அல்ல, ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் இடையில் நடந்த வேலையைத்தான். அந்த வேலை நிதானமாக, ஒரு சின்ன வட்டாரத்துக்குள்ளேயே நடந்தது.

வட்டாரம் என்றால் உண்மையிலேயே சின்ன வட்டாரம். 2003 மே 3 அன்று பிறந்த விர்ட்ஸ் கொலோனுக்கு மேற்கே புல்ஹைம் நகராட்சியில் அடங்கிய பிராவ்வைலரைச் சேர்ந்தவர். பத்துப் பிள்ளைகளில் கடைசி. தந்தை ஹான்ஸ்-யோவாகிம், ஊர்க் கழகமான க்ரூன்-வைஸ் பிராவ்வைலரின் தலைவர். இரண்டு வயது மூத்த அக்கா யூலியானேவும் தொழில்முறைக் கால்பந்து வீராங்கனை. ஏழு வயதில், 2010இல், விர்ட்ஸ் கொலோன் கழகத்தின் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். கொலோனிலிருந்து லெவர்குசென் ரைன் ஆற்றுக்கு அக்கரை. ஊர், பயிற்சி பெற்ற கழகம், தொழில் தொடங்கிய கழகம் மூன்றையும் ஒரே பிற்பகலில் காரில் சுற்றிவந்துவிடலாம். 22 வயதில் லிவர்பூலுக்குக் கிளம்பும்வரை அவருடைய கால்பந்து வாழ்க்கை முழுவதும் இந்த எல்லைக்குள் அடங்கிவிட்டது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 13, 14 வயதில் வீட்டைவிட்டுக் கழக விடுதிக்குப் போவதுதான் ஜெர்மன் கால்பந்தில் பல பையன்கள் தடுக்கி விழும் முதல் இடம். பள்ளிக்கூடம் மாறுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள், அடுத்த பருவத்துக்குத் தன்னை வைத்துக்கொள்வார்களா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் தெரியாமல் காத்திருக்க வேண்டும். விர்ட்ஸுக்கு அந்தப் பெயர்ச்சி தேவைப்படவில்லை. பயிற்சி முடிந்தால் வீட்டுச் சாப்பாடு. அங்கே கால்பந்தை உள்ளும் புறமும் அறிந்த குடும்பம்.

அவர் ஏறிவந்த ஏணியையும் சொல்லியாக வேண்டும். 2000 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதன் பின் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஒரு நிபந்தனை போட்டது: முதல் இரண்டு பிரிவுகளில் ஆட உரிமம் வேண்டும் என்றால் ஒவ்வொரு கழகமும் இளையோர் பயிற்சி மையம் நடத்தியாக வேண்டும். முழுநேரப் பயிற்சியாளர்கள், மருத்துவ வசதி, பள்ளியோடு ஒப்பந்தம் எல்லாம் அதில் அடக்கம். ஊர்க் கழகப் பையன்களைக் கண்டெடுக்க நாடு முழுவதும் சில நூறு வட்டாரப் பயிற்சித் தளங்களும் வந்தன. விர்ட்ஸ் பிறந்தபோது இந்த ஏற்பாட்டுக்கு வயது ஒன்றிரண்டுதான். அவர் கொலோனில் சேர்ந்தபோது அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஏணியில் பிறந்த மாதத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் போட்டியிடுகிறார்கள். 12 வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது சில அங்குல உயரம். அதனால் எல்லாக் கழகங்களிலும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பார்கள். மே மாதத்தில் பிறந்த விர்ட்ஸுக்கு உடம்பின் முன்னுரிமை பெரிதாக இல்லை. பந்து காலுக்கு வருமுன்பே சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருடைய ஆட்டத்தின் அடித்தளம். தோளால் தள்ளி வெல்ல முடியாதவன் கண்ணால் முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

2019 ஜூனில் கொலோனின் 17 வயதுக்குட்பட்டோர் அணி, இறுதி ஆட்டத்தில் டார்ட்முண்டை 3-2 என வீழ்த்தி ஜெர்மன் பட்டத்தை வென்றது. விர்ட்ஸ் அந்த அணியின் தூண். அந்தப் பருவத்தில் டார்ட்முண்டின் அதே வயதுப் பிரிவில் கோல்மழை பொழிந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுவன் பெயர் யூசுஃபா மொகோகோ. அந்தப் பெயர் மறுபடி வரும்.

பட்டம் வென்ற ஏழாம் மாதம் விர்ட்ஸ் கொலோனில் இல்லை. 2020 ஜனவரியில் லெவர்குசென் அவரை எடுத்துக்கொண்டது. பெரியவர்களுக்கான பரிமாற்றச் சந்தையில் சில லட்சம் யூரோ என்பது சில்லறை. கொலோனுக்கு ஈடாகக் கிடைத்ததாகப் பேசப்பட்டது அந்த அளவுதான். பணத்தைவிடக் கொலோனைச் சுட்டது வேறொன்று. கொலோன், லெவர்குசென், மொன்ஷன்க்ளாட்பாக் மூன்று கழகங்களுக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்பாடு இருந்தது: ஒருவர் வளர்க்கும் இளையோரை மற்றவர் இழுப்பதில்லை. லெவர்குசென் சொன்ன விளக்கம், விர்ட்ஸை நாங்கள் இளையோர் அணிக்காக எடுக்கவில்லை, தொழில்முறை வீரராக எடுக்கிறோம் என்பது. நான்கே மாதத்தில் அவரை முதல் அணியில் இறக்கியதால் அந்த விளக்கம் பின்னோக்கிப் பார்க்கையில் பொருந்திப்போனது. ஆனாலும் கொலோன் ரசிகர்களின் மனக்குறை நியாயமற்றது அல்ல. ஏழு வயதிலிருந்து பத்து ஆண்டு வளர்த்த பையன், ஆற்றைத் தாண்டி ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 1904இல் தொடங்கிய கழகத்துக்குப் போகிறான். அந்தக் கழகத்தை அவர்கள் ஒருபோதும் தமக்குச் சமமாக மதித்ததில்லை.

கொலோன் எங்கே தவறவிட்டது? ஒப்பந்தத்தின் காலத்தில்தான். 18 வயது நிறையாத வீரரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட ஃபிஃபா விதி இடம்கொடுப்பதில்லை. ஆகவே 16 வயதில் ஒரு திறமைசாலியின் ஒப்பந்தம் எப்போதுமே முடியப்போகும் நிலையில்தான் இருக்கும். அந்த நேரத்தில் கழகம் காட்ட வேண்டியது சம்பளத்தை அல்ல, முதல் அணிக்குப் போகும் பாதையை. அன்றைய கொலோன் கீழ்ப்பிரிவிலிருந்து அப்போதுதான் மேலே வந்து தரமிறங்காமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட அணியில் பயிற்சியாளரின் வேலையே ஆட்டத்துக்கு ஆட்டம் தொங்குகிறது. 16 வயதுப் பையனை நம்பி யாரும் இறக்க மாட்டார்கள். லெவர்குசெனிடமோ காட்டுவதற்கு ஹாவர்ட்ஸ் என்ற கண்கண்ட சான்று இருந்தது. 2017 மார்ச்சில் மாட்ரிடில் அட்லெட்டிகோவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு ஹாவர்ட்ஸைக் கூட்டிப்போகாமல் பள்ளி இறுதித் தேர்வுக்காக வீட்டில் விட்டுச்சென்ற கழகம் அது. பத்துப் பிள்ளை பெற்று, முகவர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தாங்களே மகனின் ஒப்பந்தங்களைக் கவனித்த பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

பிறகு மார்ச்சில் எல்லாம் நின்றது. இளையோர் லீக்குகள் அந்தப் பருவத்தில் திரும்பத் தொடங்கவே இல்லை. முதல் அணி மட்டும் சிறு குழுக்களாகப் பயிற்சிக்கு வந்தது. பயிற்சியாளர் பீட்டர் போஸ் விர்ட்ஸை அதில் சேர்த்துக்கொண்டார். மறுதொடக்கத்தின்போது ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற தற்காலிக விதியும் வந்தது. பழைய மூன்று பேர் வரம்பில் ஒரு பையனுக்கு வாய்ப்புக் கொடுத்தால் பயிற்சியாளர் தன் கைத்துருப்பில் மூன்றில் ஒன்றை இழக்கிறார். ஐந்தில் ஒன்று என்றால் துணிச்சல் கூடும். வெறும் திறமையால் மட்டும் அல்ல, இப்படிப்பட்ட சூழ்நிலைகளாலும்தான் 17 வயதில் கதவு திறக்கிறது.

கதவு திறந்தது ஒன்று, உள்ளே தாக்குப்பிடிப்பது வேறு. 17 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் 40 நிமிடப் பாதிகள் இரண்டு, மொத்தம் 80 நிமிடம். அங்கிருந்து நேரே 90 நிமிடப் பெரியவர் ஆட்டத்துக்கு வரும்போது கூடுதல் பத்து நிமிடம் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல், வேகம் எடுப்பதும் நிறுத்துவதும் திரும்புவதும் எத்தனை தடவை என்பதிலும், மோதுபவர் 85 கிலோ என்பதிலும் இருக்கிறது. எலும்பு வளர்ச்சி முடியாத வயதில் இந்தச் சுமையைத் திடீரென்று ஏற்றினால் தொடை மேல்பகுதியிலும் இடுப்பிலும் தசைநார் எலும்போடு சேரும் இடங்கள் முதலில் முறையிடும். அதனால் நல்ல கழகங்கள் இந்த வயதினரை ஓர் ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தும், அடுத்த ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடமும் என்று மாற்றி மாற்றி இறக்கும்.

ஜூன் 6 அன்று லெவர்குசெனில் பயர்ன் மியூனிக் 4-1 என்று முன்னிலையில் இருந்தது. மாற்று வீரராக வந்திருந்த விர்ட்ஸ் 89ஆம் நிமிடத்தில் கோல்கீப்பர் மானுவல் நொயரைத் தாண்டிப் பந்தை வலைக்குள் அனுப்பினார். ஆட்டத்தின் முடிவை அது மாற்றவில்லை. ஆனால் 17 ஆண்டு 34 நாளில் அவர் புண்டஸ்லிகா வரலாற்றிலேயே கோல் போட்ட மிக இளையவர் ஆனார். ஷாஹினின் பதினான்கு ஆண்டுக்கும் மேல் பழைய சாதனை அதோடு போனது.

விர்ட்ஸின் சாதனை ஆறு மாதம்தான் நின்றது. 2020 வசந்தத்தில் லீக், வீரர்களின் குறைந்தபட்ச வயதை 16ஆக இறக்கியது. நவம்பரில் மொகோகோ 16ஆம் பிறந்தநாளுக்கு மறுநாளே டார்ட்முண்டுக்காகக் களமிறங்கினார். டிசம்பர் 18 அன்று யூனியன் பெர்லினுக்கு எதிராக முதல் கோலையும் போட்டார். அங்கிருந்து இரண்டு பாதைகளும் பிரிகின்றன. மொகோகோ 18 வயதில் உலகக் கோப்பை வரை போனார். ஆனால் டார்ட்முண்டின் முன்வரிசையில் எப்போதும் ஒரு முதிர்ந்த ஸ்ட்ரைக்கர் அவருக்கு முன்னால் நின்றார்: முதலில் ஹாலண்ட், பிறகு வேறு பெயர்கள். காயங்களும் வந்தன. நீஸுக்கு இரவல், பிறகு கோபன்ஹேகன். திறமை குறைந்துபோய்விட்டது என்பதல்ல இதன் பொருள். ஸ்ட்ரைக்கர் இடம் ஓர் அணியில் ஒன்றுதான். அது நிரம்பியிருந்தால் பக்கத்தில் நகர்ந்து நிற்க இடமில்லை. விர்ட்ஸ் நடுக்களத்துக்காரர். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், இடப்பக்கம், வலப்பக்கம், சில சமயம் இன்னும் கீழே என்று எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே அவரைப் பொருத்த முடிந்தது. இளம் வீரரின் ஆட்டநிமிடங்களைத் தீர்மானிப்பதில் இந்தச் சாதாரண விஷயத்துக்கு உள்ள பங்கை வயதுச் சாதனைகள் காட்டுவதில்லை.

அந்த ஓட்டையும் சரியான நேரத்தில் உண்டானது. 2020 செப்டம்பரில் ஹாவர்ட்ஸ் செல்சிக்குப் போனார். லெவர்குசென் பெரிய பணம் கொடுத்து இன்னொரு பத்தாம் எண்காரரை, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை உருவாக்குபவரை, கொண்டுவந்து விர்ட்ஸின் தலைக்கு மேல் உட்காரவைக்கவில்லை. 2020-21 பருவத்தில் 17 வயதுக்காரர் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் ஆடினார். அக்டோபரில் நீஸை 6-2 என்று வென்ற யூரோப்பா லீக் ஆட்டத்திலும் ஒரு கோல். பருவத்தின் நடுவே போஸ் வேலையிழந்தார். அடுத்து வந்தவர்களும் விர்ட்ஸை வெளியே உட்காரவைக்கவில்லை. பயிற்சியாளர் மாறியவுடன் இளம் வீரர் காணாமல்போவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. முந்தையவரின் செல்லப்பிள்ளை என்ற முத்திரை விழுந்துவிடும். விர்ட்ஸுக்கு அது நேராததற்குக் காரணம், பந்து இல்லாதபோதும் அவர் ஓடியதுதான். பந்தை இழந்த அடுத்த நொடியே அதை மீட்கத் துரத்தும் பத்தாம் எண்காரரை எந்தப் பயிற்சியாளரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

2021 மே மாதம் 18 வயது நிறைந்தது. அந்தக் கணத்திலிருந்து விதி ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு இடம்தருகிறது. லெவர்குசென் காத்திருக்காமல் 2026 வரை கையெழுத்து வாங்கியது. கொலோன் கற்ற பாடத்தை லெவர்குசென் கற்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி, ஹங்கேரியில், நெதர்லாந்துக்கு எதிராக. முதல் கோல் ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்துக்குள். இரண்டாவது எட்டாம் நிமிடத்தில். இரண்டும் விர்ட்ஸ். ஜெர்மனி 2-1 என்று வென்று, மூன்று நாள் கழித்துப் போர்ச்சுகலையும் வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. செப்டம்பரில் லிச்சென்ஸ்டைனுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகம். 2021-22இல் லீக்கில் 24 ஆட்டம், 7 கோல், 10 கோல் உதவி. ஏறுமுகம் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

2022 மார்ச் 13. சொந்த மைதானத்தில் கொலோனுக்கு எதிரான ஆட்டம். இடது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்தது. முட்டி ஜவ்வு என்று நாம் சொல்வதும், வீரர்கள் ஏ.சி.எல். என்று சொல்லி நடுங்குவதும் அதையே. தன்னை வளர்த்த கழகத்துக்கு எதிராக ஆடும்போதே இது நேர்ந்தது.

இந்தக் காயத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து அவர் செய்ததன் அருமை புரியும். கிழிந்த தசைநார் தானாக ஒட்டாது. பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநார்த் துண்டை எடுத்து, தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளை போட்டு அதைப் பொருத்துவார்கள். முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது வீக்கத்தை வற்றவைப்பதும் காலை முழுவதும் நேராக நீட்ட வைப்பதும். நீட்டல் முழுதாக வராவிட்டால் நொண்டல் நிலைத்துவிடும், முன்தொடைத் தசை விழிக்காது, பின்னால் எதுவும் சரிவராது. பிறகு நிற்கும் சைக்கிள், கால் அழுத்தும் எந்திரம், அரை உட்கார்ந்து எழுவது. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை ஒரு பொறி இருக்கிறது: வலி போய்விடும், நடை இயல்பாகிவிடும், ஆனால் உள்ளே பொருத்திய துண்டு புது ரத்தநாளங்கள் பிடித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் அந்தக் காலத்தில்தான் மிகப் பலவீனமாக இருக்கும். வீரர் தனக்குக் குணமாகிவிட்டது என்று நம்பும் நேரமும் தசைநார் எளிதில் அறுந்துபோகும் நேரமும் ஒன்றே.

மூன்று நான்கு மாதத்தில் நேர்கோட்டு ஓட்டம். அதன்பின் ஒற்றைக் காலில் குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. ஆறாம் மாதத்தை ஒட்டித் திசைமாற்றம், வெட்டித் திரும்புதல். பிறகுதான் அணியோடு, முதலில் யாரும் மோதாத பயிற்சி, அப்புறம் மோதல். களத்துக்குத் திரும்பும் முன், காயப்பட்ட காலின் தொடை வலு மற்றக் காலின் வலுவில் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். இதிலும் ஒரு வழுக்கல் உண்டு: மாதக்கணக்கில் ஓடாததால் நல்ல காலும் இளைத்திருக்கும், அதோடு ஒப்பிட்டு வந்த 90 சதவீதம் பொய்க்கணக்காகிவிடும். ஒன்பது மாதத்துக்கு முன் திரும்புபவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. இருபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது இன்னும் அதிகம். அறுவை செய்த காலில் மட்டுமல்ல, மறுகாலிலும்.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். கத்தார் உலகக் கோப்பை 2022 நவம்பர் 20 அன்று தொடங்கியது. காயத்திலிருந்து எட்டு மாதமும் ஒரு வாரமும். அவசரப்பட்டிருந்தால் பெயர்ப்பட்டியலில் நுழைந்திருக்கலாம். 19 வயதில் முதல் உலகக் கோப்பை என்ற ஆசையை யாரால் எளிதில் விலக்க முடியும்? விர்ட்ஸ் போகவில்லை. அந்தக் கோப்பைக்காக லீக் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி பிற்பகுதிவரை நின்றது. அந்த இரண்டு மாத இடைவெளி அவருக்குப் புள்ளிகளின் நெருக்கடி இல்லாமல் பயிற்சி ஆட்டங்களில் காலைப் பழக்கக் கிடைத்தது. 2023 ஜனவரி 22 அன்று மொன்ஷன்க்ளாட்பாக்குக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். பத்து மாதமும் ஒன்பது நாளும். இந்த முழு வரலாற்றில் சிறந்த முடிவு எது என்று கேட்டால் நான் எந்தக் கோலையும் சொல்ல மாட்டேன், இந்தக் காத்திருப்பைச் சொல்வேன். காயத்தோடு கிடந்த 2022 மே மாதத்திலேயே கழகம் ஒப்பந்தத்தை 2027வரை நீட்டியதும் அந்தப் பொறுமைக்கு ஒரு தாங்குதூண். கால் முடங்கிக் கிடக்கும் பையனுக்கு, உன் இடம் இங்கேதான் என்று எழுத்தில் சொல்வது வேறு எந்த ஊக்க உரையைவிடவும் வேலை செய்யும்.

அவர் திரும்பியபோது கழகம் மாறியிருந்தது. 2022 அக்டோபரில், அட்டவணையில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்த அணியை ஷாபி அலோன்சோ எடுத்துக்கொண்டார். அவர் 3-4-2-1 என்ற அமைப்பில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இரண்டு பேரை நிறுத்தினார். இடப்பக்கத்து ஆள் விர்ட்ஸ்.

ஆடுகளத்தை நீளவாக்கில் ஐந்து பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தால், நடுப்பட்டைக்கும் ஓரப்பட்டைக்கும் இடையே உள்ளது பாதுகாப்பவருக்கு மிகத் தொல்லையான இடம். அங்கே நிற்பவரை யார் பிடிப்பது என்பதில் எப்போதும் குழப்பம். 2023 கோடையில் வந்த அலெக்ஸ் கிரிமால்டோ இடது ஓரக்கோட்டை ஒட்டி நின்று எதிரணியின் வலது பேக்கை (வலது ஓரத் தடுப்பாளரை) வெளியே இழுத்தார். கீழே கிரானிட் ஷாகா பந்தோடு நிமிர்ந்தார். முன்னால் விக்டர் போனிஃபேஸ் இரண்டு மையத் தடுப்பாளர்களையும் கட்டிப்போட்டார். இப்போது இடைப்பட்டையில் விர்ட்ஸ். தடுப்பாளர் ஒருவர் அவரை நோக்கி முன்னேறினால் பின்னால் போனிஃபேஸுக்கு இடம். நடுக்களத்துக்காரர் இறங்கி வந்தால் ஷாகாவுக்கு நேரம். பேக் உள்ளே வந்தால் ஓரத்தில் கிரிமால்டோ தனியாள். யாரும் வராவிட்டால் விர்ட்ஸே திரும்பி ஓடுவார்.

இந்தத் திட்டம் வேலை செய்ய ஒரே நிபந்தனை, இடைப்பட்டையில் நிற்பவர் முதல் தொடுதலிலேயே கோலைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். பந்து வரும் திசைக்கு உடம்பை முழுவதும் காட்டி நின்றால் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். விர்ட்ஸ் உடம்பைப் பாதி திறந்து வைத்து, பந்தைத் தன்னைக் கடந்துபோகவிட்டு, தொலைவில் உள்ள காலால் எடுப்பார். பந்து வருவதற்குள் இருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்திருப்பார். அவருடைய ஆட்டத்தைப் பார்க்க உட்காருபவர்கள் பந்தை விட்டுவிட்டு அவருடைய கழுத்தை மட்டும் பத்து நிமிடம் கவனிக்கலாம். வேறு எந்த வீடியோவும் அதற்கு மேல் கற்றுத்தராது.

2024 மார்ச் 23, லியோன் நகரில் பிரான்ஸுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி எட்டு விநாடிக்குள் டோனி க்ரூஸின் பாஸை எடுத்து, தொலைவிலிருந்து அடித்து, குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுப் பந்து உள்ளே விழுந்ததே, அதுதான் தேசிய அணிக்கு விர்ட்ஸ் போட்ட முதல் கோல். ஜெர்மனியின் மிக விரைவான கோலும் அதுவே.

மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 14. எதிரணி வெர்டர் பிரேமன், அவர் முதன்முதலில் ஆடிய அதே எதிரணி. வென்றால் லெவர்குசெனின் முதல் புண்டஸ்லிகாப் பட்டம். விர்ட்ஸ் அன்று தொடக்கத்தில் இல்லை. இடைவேளைக்குப் பின்தான் வந்தார். 68, 83, 90ஆம் நிமிடங்களில் மூன்று கோல். கடைசிக் கோலுக்குப் பிறகு ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள்; 5-0. பருவ முடிவில் லீக்கின் 34 ஆட்டத்தில் 28 வெற்றி, 6 சமம், தோல்வி இல்லை. அந்தப் பருவத்தில் லீக்கின் சிறந்த வீரராகவும் அவரே தேர்வானார். மே 22 அன்று டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டாவிடம் 0-3 என்று தோற்றபோதுதான், எல்லாப் போட்டிகளையும் சேர்த்த 51 ஆட்டத் தோல்வியில்லா ஓட்டம் முடிந்தது. மூன்று நாள் கழித்து லெவர்குசென் ஜெர்மன் கோப்பையையும் வென்றது. ஜூனில் சொந்த நாட்டில் நடந்த ஐரோப்பியக் கோப்பையின் முதல் கோலும் அவருடையது. காலிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக 89ஆம் நிமிடத்தில் சமன் செய்ததும் அவரே. கூடுதல் நேரத்தில் ஜெர்மனி தோற்றது.

2025 கோடையில் லிவர்பூல் அவருக்காக 10 கோடி பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் 1.6 கோடி. இந்தப் பணத்திலிருந்து ஒரு சிறு ஓடை கொலோனுக்கும் பாய்கிறது. நாடு விட்டு நாடு நடக்கும் பரிமாற்றத்தில் தொகையின் 5 சதவீதத்தை, வீரரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15ஆம் பிறந்தநாள் வரையிலான நான்கு பருவங்களுக்கு மொத்தத் தொகையில் தலா 0.25 சதவீதம், 16ஆம் பிறந்தநாள் பருவத்திலிருந்து தலா 0.5 சதவீதம். விர்ட்ஸின் 12ஆம் பிறந்தநாள் 2014-15 பருவத்தில் வருகிறது. அங்கிருந்து நான்கு பருவத்துக்கு 1 சதவீதம், 2018-19க்கு 0.5, லெவர்குசெனோடு பங்குபோட்ட 2019-20க்குப் பாதியை ஒட்டி 0.25. ஆக 1.75 சதவீதம்: 10 கோடி பவுண்டில் ஏறக்குறைய 17.5 லட்சம். 2020 ஜனவரியில் பேசப்பட்ட ஈட்டுத்தொகையைவிட இது பல மடங்கு.

விதியின் கணக்கு 12 வயதில் தொடங்குவதால், ஏழு வயதுவரை அவர் பந்து உதைத்த க்ரூன்-வைஸ் பிராவ்வைலருக்கு இதில் பங்கு எதுவும் வராது.